நல்லூரின் துரோகியைப் பற்றி நான் நடத்திய பாடம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது நீ கேட்டாய்: "அப்பா, கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கு. ஆரணி வீட்டை அம்மா மூண்டு தரம் போட்டு வந்திட்டா. நீங்கள் ஒருக்காலும் வரேல்லை. உங்களுக்கு அவளைப் பிடிக்கேல்லையோ?" நான் கத்தரிக்காயைப் பற்றி ஏதோ சொன்னேன். புழு குத்தியிருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம். நீ பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். மெட்ரோ வரைக்கும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. இதை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு நியாயம் பேச ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

ஆரணியின் அப்பா யோகநாதனை உனக்கு இரண்டு வருடமாகத்தான் தெரியும். எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். நான் மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு வீட்டில் ஐந்து பேர் சேர்ந்திருந்தோம். யோகனும் அதில் ஒருவன். அவன் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்தவன், நான் நல்லூர்க்காரன். நன்றாகச் சமைப்பான். நான் உன் அம்மாவையும் ஒரு வயதுப் பிள்ளையாக இருந்த உன்னையும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தேன். உங்கள் படத்தைச் சுவரில் ஒட்டுவதற்கு ஆணி தேடியபோது, தன் படுக்கையடியில் இருந்த பெட்டியைக் கிண்டி ஒரு ஆணி எடுத்துத் தந்தவன் அவன்தான். இதையும் எழுத வேண்டும். ஏனென்றால் பிறகு வந்த காலத்தில் நான் அவனைப் பற்றி யாரிடம் கதைத்தாலும் இதைச் சொன்னதேயில்லை.

நான் நேரே கனடா வரவில்லை. முதலில் ஜேர்மனியில் எட்டு மாதம் இருந்தேன். அதை இங்கே சொல்லக்கூடாது, சொன்னால் அகதி வழக்கு நிற்காது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். விமானத்தில் வரும்போதே நான் பயணம் செய்த வேறொருவனுடைய பாஸ்போட்டைக் கிழித்து எறிந்துவிட்டேன். ஜேர்மனிக் கதை அந்த வீட்டில் இருந்த நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். விசாரணை நாளன்று அதிகாரி என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே, "ஜேர்மனியில் எத்தனை மாதம் இருந்தீர்?" என்பதுதான். அதைத் தமிழில் எனக்குச் சொன்னவள் ஒரு இளம் மொழிபெயர்ப்பாளர். நான் இல்லை என்றேன். அதிகாரி மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். வழக்கு தள்ளுபடியானது. மேன்முறையீடு செய்து ஏற்றுக்கொள்ளப்பட்டு உங்களைக் கூப்பிட மேலும் இரண்டு வருடம் போனது. நீ விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தாய். "அப்பாவடா" என்று அம்மா சொல்லச் சொல்ல, "இல்லை, அப்பா படத்திலை இருக்கிறவர்" என்றாய்.

அந்த இரண்டு வருடத்துக்கும் பழி போட எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என் வழக்குத் தள்ளுபடியான அதே கிழமை யோகனின் வழக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவே எனக்கு உறுத்தியது. பிறகு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்: ஒரு கோப்பிக் கடையில், கண்ணாடியோரம், யோகனும் அந்த மொழிபெயர்ப்பாளரும் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், தம்பி. நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்: "இவனிட்டை வாய் குடுக்காதேங்கோ. ஆள் குடிவரவுக் கந்தோர்ப் பக்கம் கதை கொண்டு போறவன்." எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல்லின் பெறுமதி என்ன என்பதை நீ அறிந்திருக்க நியாயமில்லை. காட்டிக் கொடுக்கிறவன் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பவன்மீதும் அது ஒட்டிவிடும். ஒரு மாதத்துக்குள் யோகன் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. பிறகு அவன் அந்தப் பெண்ணையே மணம் முடித்தான். அவள்தான் ஆரணியின் அம்மா. அந்தக் கலியாணத்துக்கு எங்கள் ஆட்கள் பத்துப் பேர்கூடப் போகவில்லை. ஒரு ஆணும் பெண்ணும் விரும்பிக் கட்டியதைக்கூட நான் சாட்சியாகத்தான் எடுத்தேன். "பாத்தியளோ, நான் சொன்னது சரியோ?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

உன் அம்மா வந்த பிறகு, உன்னைக் கொண்டுபோய் விடும் கார்தெரியில், அந்தப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், யோகனின் மனைவியைச் சந்தித்திருக்கிறாள். கைக்குழந்தையோடு தனியாகக் கஷ்டப்படுகிறாள், பத்தியக் கறி காய்ச்சிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். அந்தக் கைக்குழந்தைதான் ஆரணி. நான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். "அந்த வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது" என்றேன். உன் அம்மாவுக்கு அந்த நகரத்தில் அப்போது ஒரு சிநேகிதிகூட இல்லை.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் கிழமை முழுக்கப் பெட்டி அடுக்கினாலும், சனிக்கிழமைகளில் நான் வாத்தியார். தேவாலயத்தின் பேஸ்மன்டில் நடந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உனக்கும் ஞாபகமிருக்கும். நீ பெரிய வகுப்பில் இருந்தாய். நான் சின்ன வகுப்புகளுக்குச் சரித்திரம் சொன்னேன். நல்லூர் எங்கள் பழைய தலைநகரம், அங்கே அரசர்கள் இருந்தார்கள், மந்திரிகள் இருந்தார்கள், யமுனா ஏரி என்று ஒரு கேணி இன்னும் இருக்கிறது என்றெல்லாம் சொல்வேன். பனிக்குள்ளால் வந்து ஈரச் சப்பாத்தோடு இருக்கும் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கடைசி அரசனின் கதைதான் என் பெரிய கதை. அவன் போர்த்துக்கேயரோடு சண்டை பிடித்தான், ஒருவன் காட்டிக் கொடுத்தான், அரசன் பிடிபட்டான், கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தத் துரோகி தீவுப் பக்கத்துத் தலைவன் என்று ஒரு கதை உண்டு. வழக்கமாக நான் அவன் எந்த ஊர் என்று சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு எதற்கு என்று விட்டுவிடுவேன்.

அந்த வருடம் ஆரணி என் வகுப்பில் சேர்ந்தாள். ஒன்பது வயது. முன்வரிசையில் இருப்பாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். வரவுப் பதிவில் தகப்பன் பெயரைப் பார்த்த அன்றே கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். ஏன் இங்கே அனுப்பியிருக்கிறான், பிள்ளையை விட்டு என்ன அறியப் பார்க்கிறான் என்று யோசித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையின்மீது எனக்குச் சந்தேகம். கடைசி அரசனின் கதை வந்த சனிக்கிழமை நான் துரோகியின் ஊரையும் சொன்னேன். சொல்லும்போது அவளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். தற்செயலாக அல்ல. பின்வரிசையில் ஒரு பொடியன், "சேர், ஆரணியின்ர அப்பாவும் தீவுதான்" என்றான். நான் அவனை அதட்டவில்லை. ஆரணி கையை உயர்த்தினாள். அவளுக்குப் புரியவேயில்லை, பாடத்தில் கேள்வி கேட்கிறாள்.

"சேர், அவர் ஏன் காட்டிக் குடுத்தவர்?"

"சில ஆக்களுக்கு அது ரத்தத்திலை ஓடுறது, பிள்ளை" என்றேன்.

இடைவேளையில் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று என்ன சொல்லிக் கத்தினார்கள் என்று நான் திரும்ப எழுத மாட்டேன். நான் படிக்கட்டில் நின்று தேத்தண்ணீர் குடித்தேன். எனக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. யோகன் வந்தான். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு கதவருகில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "வாத்தியார், நானூறு வரியத்துக்கு முந்தி ஆர் ஆரைக் காட்டிக் குடுத்தது எண்டு என்ர பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறியள். பத்து வரியத்துக்கு முந்தி நான் ஆரைக் காட்டிக் குடுத்தனான் எண்டு எனக்குச் சொல்லுங்கோ. ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியேல்லை." நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. அழித்து முடிந்த பலகையை இன்னொரு தரம் அழித்தேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கேட்பதற்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அவனே வாசலுக்கு வந்து கேட்டான். எனக்கு அவனுடைய பதில் தேவைப்படவில்லை. என் முடிவு எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நீ ஆரணியை லாசாலில் நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து "பொன்சூர், அங்கிள்" என்றாள். உன்னோடு பிரெஞ்சு, அம்மாவோடு ஆங்கிலமும் கொஞ்சத் தமிழும். என்னோடு அந்த இரண்டு சொல்தான். அவள் யார் மகள் என்று நீ சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவ்வளவு பெரிய நகரத்தில் இவள் எப்படி என் மகனைத் தேடிப் பிடித்தாள் என்று தோன்றியது. யோகன் அனுப்பியிருக்கிறான், பழி தீர்க்கிறான் என்று நினைத்தேன். அவள் மறந்துவிட்டாளா, மறந்தது போல் நடிக்கிறாளா என்று அவள் கரண்டி பிடிப்பதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தொலைபேசி மேசையில் இருந்தபோது அவள் அனுப்பிய செய்தியை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் அல்ல. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாசியில் நீ கலியாண மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றாய். அன்றைக்கே நான் அலுமாரியின் மேல் தட்டிலிருந்த பழைய சூட்கேஸை இறக்கினேன். என் வழக்கறிஞர் அந்தக் காலத்தில் தந்த கடதாசிக்கட்டு அதற்குள் இருந்தது. முழுக்கப் பிரெஞ்சு. அப்போது எனக்கு அந்த மொழியில் "மெர்சி" மட்டும்தான் தெரியும். அவர் தந்ததை வாங்கி நூல்கட்டி வைத்ததோடு சரி. களஞ்சியத்தில் இத்தனை வருடம் வேலை செய்து இப்போது தட்டுத் தடுமாறி வாசிப்பேன். யோகனின் பெயர் எங்காவது இருக்கும், அதை உன் முன்னால் வைத்துக் கலியாணத்தை நிறுத்தலாம் என்றுதான் எடுத்தேன். உண்மையைத் தேடி எடுத்தேன் என்று நினைத்துவிடாதே.

பதினொராவது பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மிராபெல் விமான நிலையத்தில் நான் இறங்கியபோது என் கோட்டுக்குள் இருந்து எடுத்த பொருட்கள். சீப்பு ஒன்று. திருநீற்றுப் பொட்டலம் ஒன்று. ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ட்ராம் வண்டியின் மாதச் சீட்டு எட்டு, விண்ணப்பதாரியின் படத்துடனும் கையெழுத்துடனும், கோட்டின் கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து. எட்டு மாதத்துக்கு எட்டுச் சீட்டு. பாஸ்போட்டைக் கிழித்த நான் கோட்டுப் பையில் ஓட்டை இருந்ததை மறந்துவிட்டேன். விமான நிலையத்தில் கோட்டை வாங்கிச் சோதித்துத் திருப்பித் தந்தது ஞாபகம் வந்தது. கீழே தமிழர் ஒருவரும் எதையும் சொன்னதாக இல்லை, யாருடைய பெயரும் இல்லை. என்னைக் காட்டிக் கொடுத்தது என் கோட்டுதான்.

அதைப் படித்தவுடன் மனம் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஏதாவது அழித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். பக்க எண்களை எண்ணினேன், ஒன்று குறைகிறதா என்று. யோகன் வேறு விதமாகவும் சொல்லியிருக்கலாமே என்று மூன்று நாள் யோசித்தேன். சந்தேகம் அப்படித்தான், தம்பி. ஆதாரம் இல்லை என்றால், ஆதாரத்தை ஒளித்துவிட்டார்கள் என்று சொல்லும். மூன்றாம் நாள் உன் அம்மாவிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவள் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

"எனக்கு அது அப்பவே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இந்தச் சீட்டு தெரியாது. யோகண்ணை அப்பிடிச் செய்திருக்க மாட்டார் எண்டு தெரியும். நாங்கள் ரெண்டு வரியம் லொட்ஜிலை கிடந்தது உங்கட பிழையெண்டு நினைக்க உங்களுக்கு ஏலாமல் இருந்தது. அவரைச் சந்தேகிக்கிறது லேசாயிருந்தது. நானும் பேசாமல் இருந்திட்டன். அது என்ர பிழை."

பிறகுதான் நல்லூர்க் கதையையும் திரும்பத் தேடி வாசித்தேன். நூலகத்திலிருந்து எடுத்து, கிடைத்ததையெல்லாம். அரசன் தோற்ற பிறகு படகேறித் தப்பப் பார்த்திருக்கிறான், கடலில் பிடிபட்டிருக்கிறான், கோவாவில் கொல்லப்பட்டிருக்கிறான். இவ்வளவும் இருக்கிறது. நான் அத்தனை உறுதியாகச் சொன்ன அந்தத் துரோகி, எல்லாம் முடிந்து வெகு காலத்துக்குப் பிறகு எழுதப்பட்ட கதையில்தான் வருகிறான். அப்படி ஒருவன் இருந்தானா என்று படித்தவர்களே இப்போதும் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த அரசன் அரியணைக்காகத் தன் உறவுக்காரரையே கொன்றவன் என்பது இருக்கிறது. அது எனக்கு முந்தியே தெரியும். பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. தோற்றது எதனால் என்று சொல்வதைவிட, யாரால் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகக் கேட்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். நீ சந்தையில் கேட்டதற்குப் பிறகுதான், புதன்கிழமை, யோகன் வீட்டுக்குப் போனேன். உனக்கும் ஆரணிக்கும் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். அதனால் உனக்குத் தெரியாது. கதவைத் திறந்தவன் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. உள்ளே வரச் சொன்னான். ஆரணியின் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார். நான் பதினொராவது பக்கத்தை அவன் முன் வைத்து, விரலால் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் அதைக் கையில் எடுக்கவே இல்லை.

"இதை ஏன் எனக்குக் காட்டுறியள், வாத்தியார்? நான் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே. கடதாசி தேவைப்பட்டது உங்களுக்கு."

"யோகன், நான் உமக்குச் செய்தது..."

"எனக்குச் செய்ததை விடுங்கோ. எனக்கு வயது போட்டுது. ஒரு காலத்திலை தமிழ்க் கடைக்குப் போனால் பாண் எடுத்துக்கொண்டு ஒருதரோடையும் கதைக்காமல் வருவன். அதுவும் பழகிப் போச்சு. ஆனால் பிள்ளை அண்டைக்கு வீட்டை வந்து கேட்டவள், 'அப்பா, எங்கட ரத்தத்திலை என்ன இருக்கு?' எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? அவளுக்குச் சொல்லுங்கோ. எனக்கில்லை."

"அவளுக்கு ஞாபகம் இருக்கோ?"

அவன் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தான். "உங்கட மகனைக் கட்டுறதோ விடுறதோ எண்டு ஒரு வரியம் யோசிச்சவள். நீங்கள் அவளைச் சந்தேகமாய்ப் பாக்கிறதும் அவளுக்குத் தெரியும். அவனுக்காகத்தான் பொறுத்துக்கொண்டு உங்கட வீட்டை வாறவள். அவள் ஓம் எண்டால் மணவறைக்கு வாங்கோ. அவள் வேண்டாமெண்டால் நானும் வேண்டாமெண்டுதான் சொல்லுவன்."

தேத்தண்ணீர் தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வாசல்வரை வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னான்.

ஒரு தகப்பன் மகனின் கலியாணத்துக்கு முன் புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்லத் தகுதி இருப்பது ஒன்றே ஒன்றில்தான். நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் இருக்கப் போகிறீர்கள். என்றைக்காவது அவள்மீது உனக்கு ஒரு ஐயம் வரும். அல்லது ஒரு சிநேகிதன்மீது, வேலையிடத்தில் ஒருவன்மீது வரும். வராமல் இருக்காது. வந்த அன்றே பஸ்ஸை விட்டு இறங்கு. போய் முகத்துக்கு நேரே கேள். பதில் பிடிக்காவிட்டால் சண்டை பிடி. சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. மற்றவர்களிடம் போய் மெல்லிய குரலில் சொல்லாதே. நீ என் மகன். பல விஷயத்தில் என்னைப் போலவே இருக்கிறாய். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மற்றவர் கதைப்பதைக் கேட்கும் பழக்கம் உனக்கும் உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்குப் பயம் வரும்.

இந்தக் கடிதத்தை ஆரணிக்கென்றே எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆருக்குத் தமிழிலை எழுதிறியள்? அந்தச் சனிக்கிழமையோடை விட்டவள்தானே, அவளுக்கு இப்ப தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றாள். அச்சுப் போலக் கையெழுத்து வைத்திருந்த பிள்ளை, தம்பி. நான் நடத்திய ஒரு பாடத்தோடு அவளுக்கு அந்த எழுத்தே இல்லாமல் போய்விட்டது. என் பிரெஞ்சு இதற்குக் காணாது.

ஆகவே நீ அவளுக்கு வாசித்துக் காட்டு. அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லு. அவளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன் என்ற இடத்தில் எதையும் குறைக்காதே. "அப்பா அப்படி நினைத்திருக்க மாட்டார்" என்று இடையில் சேர்க்காதே. நினைத்தேன். அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய் என்று சொல்லு. அவர் ஏன் காட்டிக் கொடுத்தார் என்று கேட்டாளே, எனக்குத் தெரியாது, அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது என்று சொல்லு. கலியாணத்துக்கு நான் வருவதை அவள் விரும்பவில்லை என்றால் அம்மா வருவாள், நான் வீட்டில் இருப்பேன். யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று நினைக்க மாட்டேன்.

அவள் என்ன சொன்னாலும் அவள் சொன்ன சொல்லிலேயே எனக்குச் சொல். சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா